மருந்துப்பெட்டியில் ஒரு குப்பித் தேன்

என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் தேன் அடுக்களையில் இருந்தது கிடையாது. பாட்டியின் மருந்துப்பெட்டியில் இருந்தது. பலாப்பலகையில் செய்த சின்னப் பெட்டி அது. உள்ளே வசம்பு, மாசிக்காய், சாதிக்காய், கடுக்காய், அவற்றை உரைக்கிற கல், நடுவே துணியைத் திரித்து வாய் அடைத்த ஒரு பச்சைக் குப்பி. அந்தக் குப்பி வெளியே வர வேண்டுமென்றால் வீட்டில் யாருக்காவது இருமல் வந்திருக்க வேண்டும். சும்மா கேட்டால் கிடைக்காது. "தித்திப்பு வேணும்னா கருப்பட்டி இருக்குல்லா, இது மருந்து மக்களே" என்பாள் பாட்டி.

அவளைக் கஞ்சம் என்று நினைத்த வயசு எனக்கு. நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, அப்பா விட்டுப்போன தேனீப் பெட்டிகளில் மிச்சமிருந்த இரண்டைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் அவள் சொன்னது பிடிபட்டது. எங்கள் பக்கத்தில் இனிப்புக்குப் பனை இருந்தது. பதநீர், கருப்பட்டி, கற்கண்டு எல்லாம் பனை கொடுத்துவிட்டது. தேனுக்கு இனிப்பு வேலை இல்லை. அரிதாகக் கிடைத்தது, மருந்தாகவே நின்றது. பிறகு தேனீப் பெட்டி வந்தது, ரப்பர் வந்தது, தேன் பெருகியது. பெருகிய தேன் மருந்துப்பெட்டியை விட்டு எப்படி வெளியே வந்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

நான் பிறந்தது 1956இல், குலசேகரத்துக்குப் பக்கத்தில். அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதிதான் கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். தாத்தாவை நாங்கள் பாட்டா என்போம். பாட்டா காலத்தில் வீட்டுக்கு வந்த தேன் எல்லாம் மலைத்தேன். பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் இருக்கிற காணிக்காரப் பழங்குடியினர் கொண்டுவருவார்கள். உயர்ந்த மரக்கிளையிலும் பாறை முகட்டிலும் ஒற்றை அடையாகத் தொங்குகிற பெரிய தேனீயின் தேன் அது. இரவில், பந்தம் கொளுத்திப் புகை போட்டுத்தான் எடுக்க முடியும். அந்தத் தேனீ கூட்டமாகக் கொட்டினால் ஆள் பிழைப்பது கஷ்டம். மலையில் தேன் எடுக்க ஏறும் மூங்கில் ஏணிக்குச் சங்கப் பாட்டில் 'மால்பு' என்று தனியே ஒரு சொல்லே இருக்கிறது. ஒரு ஏணிக்குத் தனிப்பெயர் வைக்கிற அளவுக்கு அந்தத் தொழில் பழசு, அந்த அளவுக்கு ஆபத்தும் கூட.

அப்படி வந்த தேனில் பாதி வைத்தியர் வீட்டுக்குப் போகும். எங்கள் பக்கம் அவரை ஆசான் என்போம். சித்த மருத்துவம் தேனை ஒரே பொருளாகப் பார்க்கவில்லை. மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத்தேன், புற்றுத்தேன், மனைத்தேன் என்று எடுத்த இடத்தை வைத்துப் பிரித்தது. புதுத்தேனுக்கு ஒரு குணம், பழந்தேனுக்கு வேறு குணம். இந்தப் பிரிவைப் பார்க்கும்போது எழுதி வைத்தவர்கள் மரத்தடியில் நின்று பார்த்தவர்கள் என்பது தெரியும். பாறையில் கட்டும் ஈ வேறு, சிறு கொம்பில் கட்டும் ஈ வேறு, இருட்டுப் பொந்துக்குள் அடுக்கடுக்காய்க் கட்டும் ஈ வேறு. இன்றைய பூச்சியியல் இவற்றைத் தனித்தனி இனங்களாகவே வைத்திருக்கிறது.

ஆனால் ஆசான் தேனை மட்டும் மருந்தென்று கொடுத்து நான் பார்த்ததில்லை. சூரணத்தை உள்ளங்கையில் கொட்டி, நடுவில் குழி செய்து, அதில் தேனை விட்டு மோதிர விரலால் குழைப்பார். "தூள் மட்டும்னா நாக்கிலயே நின்னுடும். தேன்தான் உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும்" என்பார். இதற்கு அனுபானம் என்று பெயர். துணை மருந்து என்றும் சொல்வார்கள். ஒரே செந்தூரத்தை ஒரு நோய்க்குத் தேனிலும் இன்னொரு நோய்க்கு நெய்யிலும் மூன்றாவதற்குப் பாலிலும் கொடுப்பார்கள். எதில் கொடுப்பது என்று தெரிந்தவர்தான் வைத்தியர். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சம அளவு பொடித்த திரிகடுகு இருமலுக்குத் தேனில்தான் போகும். பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நீதிநூலுக்கே அந்த மருந்தின் பெயரை வைத்தார்கள் என்றால் திரிகடுகு எத்தனை வீட்டில் புழங்கியிருக்கும்!

தேன் என்றால் நூறு நோய்க்கு மருந்து என்று இன்று பேசுகிறவர்கள் இந்த அனுபானக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். ஆசான் பட்டியலில் நூறு நோய் இருந்தது உண்மை. அந்த நூறுக்கும் மருந்து தேனோடு சேர்ந்து போன சரக்கு. தேன் அதைச் சுமந்தது, கசப்பை மறைத்தது, தொண்டையில் மெதுவாக இறக்கியது.

பெட்டிக்கு முந்தின காலத்தில் வீட்டுத் தேன் எப்படி இருந்தது என்பதைப் பாட்டா சொல்லிக் கேட்டிருக்கிறேன். சுவர் ஓரத்தில் மண்குடத்தைச் சாய்த்து வைப்பார்கள், தேனீ தானாக வந்து குடியேறும். நிறைந்ததும் புகை போட்டு விரட்டி, அடையை அறுத்துத் துணியில் கட்டிப் பிழிவார்கள். தேனோடு புழுவும் மகரந்தமும் மெழுகும் சேர்ந்து இறங்கும். பிழிந்த தேன் கலங்கலாக இருக்கும், கொஞ்ச நாளில் புளித்து நுரை கட்டும். கூடும் அத்தோடு அழிந்தது.

இதை மாற்றிய கதை எங்கள் ஊரில் தொடங்கவில்லை. அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்கிற பாதிரியார் 1851இல் ஒன்றைக் கவனித்தார். இரண்டு அடைகளுக்கு நடுவே தேனீ நடமாடப் போதுமான இடைவெளி மட்டும் விட்டால், அந்த இடத்தைத் தேனீ மெழுகால் அடைக்காது. அந்த அளவில் சட்டங்களை மாட்டினால் ஒவ்வொன்றாக உருவலாம், திரும்ப வைக்கலாம். ஆனால் அவர் பெட்டி பெரிய ஐரோப்பியத் தேனீக்கானது. நம் பொந்துத் தேனீ உடம்பில் சின்னது, குடும்பமும் சின்னது. திருச்சியில் இருந்த நியூட்டன் என்ற இயேசு சபைப் பாதிரியார் 1910-களில் நம் தேனீயின் அளவுக்குச் சிறிய பெட்டியைச் செய்து, பலருக்கும் கற்றுக்கொடுத்தார். நியூட்டன் பெட்டி என்று இன்றும் அதற்குப் பெயர்.

அடுத்த பத்தாண்டில் அது மார்த்தாண்டத்துக்கு வந்தது. பழைய ஆட்கள் தொடுவெட்டி என்று சொல்லும் ஊர். ஒய்.எம்.சி.ஏ.யின் முதல் இந்தியப் பொதுச்செயலாளரான கே.டி. பால் கிராமப்புற வேலையைத் தொடங்கிவைத்தவர். அந்த வேலைக்காக ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் 1920-களில் இங்கே வந்து ஒரு பயிற்சி மையம் நடத்தினார். கோழி, முட்டை விற்பனைச் சங்கம், கருப்பட்டி, தேனீ என்று ஒரு ஏழைக் குடியானவன் வீட்டுமுற்றத்தில் செய்யக்கூடிய தொழில்களாகப் பொறுக்கிச் சொல்லிக்கொடுத்தார். தன் அனுபவத்தை 1932இல் புத்தகமாகவும் எழுதினார். நிலம் இல்லாதவனும் பெட்டி வைக்கலாம், பூ பக்கத்து வீட்டுக்காரனுடையதாக இருந்தாலும் தேனீக்கு வேலி கிடையாது என்பதுதான் அந்தத் தொழிலின் அழகு. என் அப்பா அந்த மையத்தில் படித்தவர் ஒருவரிடம் கற்றுக்கொண்டு, இரண்டு பெட்டியில் தொடங்கி நாற்பது வரை வளர்த்தார்.

ரப்பர் இல்லாமல் நாற்பது பெட்டி வளர்ந்திருக்காது. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். மார்கழியில் மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். தையில் செம்பு நிறத்தில் தளிர் விடும். ஒரு காம்பில் மூன்று இலை. அந்த மூன்றும் காம்போடு சேரும் முடிச்சில் கடுகளவு சுரப்பிகள் உண்டு. அதிகாலையில் அங்கே பளபளவென்று ஒரு துளி நிற்கும். பள்ளிக்கூடம் போகிற வழியில் தாழ்ந்த கொம்பை வளைத்து நாங்கள் நக்கியிருக்கிறோம். தளிர் முற்றிப் பச்சையாகிறவரை அந்தச் சுரப்பு ஓடும். மாசி, பங்குனியில் எங்கள் மாவட்டம் முழுக்கத் தேன் ஓடுகிற காலம்.

தேன் எடுக்கிற நாளில் அப்பா சட்டை கழற்றிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வார். சிரட்டையில் தேங்காய் நாரைக் கொளுத்தி ஊதி ஊதிப் புகை காட்டுவார். மேலறைச் சட்டத்தை உருவி ஒரு உதறு உதறுவார், ஈயெல்லாம் பெட்டி வாசலில் கொட்டும். தேன் முற்றியிருக்கிறதா என்பதற்கு அவர் பார்ப்பது ஒன்றுதான்: கண்ணறைகளின் மேல் வெள்ளை மெழுகு மூடி போட்டிருக்கிறதா. மூடாத அறையில் இருப்பது தண்ணீர்த் தேன், அது புளிக்கும். முக்கால்வாசி மூடியிருந்தால்தான் எடுப்பார். வெந்நீரில் முக்கித் துடைத்த கத்தியால் அந்த மூடியைச் சுருள் சுருளாகச் சீவி, சட்டத்தைத் தகர டிரம்முக்குள் நிறுத்திக் கைப்பிடியைச் சுழற்றுவார். உள்ளே மழை பெய்கிற மாதிரி டிரம் சுவரில் தேன் தெறிக்கிற சத்தம் கேட்கும். அடை உடையாமல் காலியாகித் திரும்பப் பெட்டிக்கே போகும். புழு இல்லை, கலங்கல் இல்லை. பாட்டி முதல் தடவை அந்தத் தேனை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கே" என்றாளாம்.

அதன் பிறகுதான் தேன் அடுக்களைக்கு வந்தது. தோசைக்குத் தொட்டுக்கொள்ள, பலாச்சுளையை முக்கித் தின்ன, சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்துவிட. பாட்டி மட்டும் கடைசிவரை தன் குப்பியைத் தனியாகவே வைத்திருந்தாள்.

அந்தக் குப்பி என் கண்முன் வேலை செய்ததை நான் பார்த்தது பன்னிரண்டு வயதில். கருப்பட்டி காய்ச்சும்போது கொதிக்கிற பாகு தெறித்துச் சித்திக்கு முழங்கைக்குக் கீழே பொள்ளிவிட்டது. குளிர்ந்த தண்ணீரை விடாமல் ஊற்றுவதுதான் முதலில் செய்ய வேண்டியது. அன்று தற்செயலாகக் கிணற்றடியில் அதுவும் நடந்தது. பிறகு பாட்டி வேகவைத்த துணியில் தேனைத் தடவி மேலே போட்டுக் கட்டினாள். மறுநாள் அவிழ்க்கும்போது சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். துணி ஒட்டவே இல்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. புண் ஈரமாக, ரோஜா நிறத்தில், நாற்றமில்லாமல் இருந்தது. பிற்பாடு வார்டில் எத்தனையோ தீப்புண்களிலிருந்து காய்ந்து ஒட்டிய காஸ் துணியை உப்புத்தண்ணீர் விட்டு விட்டு உரித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சித்தியின் கை ஞாபகம் வரும்.

ஏன் ஒட்டவில்லை, ஏன் சீழ் வைக்கவில்லை என்பதற்கு விளக்கம் அப்போதே இருந்தது, எங்களுக்குத்தான் வந்து சேரவில்லை. தேனில் நூற்றுக்கு ஏறக்குறைய எண்பது பங்கு சர்க்கரை. அது புண்ணிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் கட்டு காயாது. தேனுக்குப் புளிப்பும் அதிகம், கிருமிக்கு அது ஒத்துவராது. இவை இரண்டும் போக மூன்றாவதாக ஒன்று இருப்பதை, வான் கெட்டல் என்ற ஹாலந்துக்காரர் 1892இல் தேன் கிருமியைக் கொல்கிறது என்று காட்டியது முதல் பலரும் தேடிக்கொண்டிருந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலாளர் ஜோனதன் வைட் அதைப் பிடித்தார். தேனீ தன் உடம்பிலிருந்து தேனில் சேர்க்கும் ஒரு நொதி, குளுக்கோஸிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. டிரெஸ்ஸிங் தட்டில் நாங்கள் வைத்திருப்போமே, புண்ணில் விட்டதும் நுரை பொங்குகிற மருந்து, அதேதான். அந்த ஆஸ்பத்திரி மருந்தில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வீரியத்தில், மெதுவாகச் சுரந்துகொண்டே இருக்கும். கெட்டித் தேனில் இந்த நொதி தூங்கும். புண்ணின் நீர் பட்டுத் தேன் இளகியதும் விழித்துக்கொள்ளும். தேனைக் காய்ச்சினால் நொதி செத்துப்போகும். தேனைச் சுட வைக்காதே என்று நம் பழைய மருத்துவம் வேறு ஏதோ காரணம் சொல்லித் தடுத்தது, தடை மட்டும் சரியான இடத்தில் வந்து நின்றிருக்கிறது.

1991இல் சோலாப்பூர் அறுவை மருத்துவர் எம். சுப்பிரமணியம் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தீப்புண் நோயாளிகள் 104 பேர். பாதிப் பேருக்குத் தேன், பாதிப் பேருக்கு எல்லா ஆஸ்பத்திரியிலும் தடவுகிற வெள்ளி சல்ஃபாடயசின். தேன் வைத்தவர்களில் 91 சதவீதம் பேரின் புண்ணில் ஏழு நாளுக்குள் கிருமி இல்லாமல் போனது. பிறகு உலகில் பல இடத்தில் செய்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், ஆழமில்லாத தீப்புண் தேனில் நாலைந்து நாள் முன்னதாக ஆறுகிறது என்றே வந்தது. அந்தக் கட்டுரையின் நகலை எங்கள் சர்ஜன் ஒருவர் மேசையில் வைத்திருந்தார். நான் உள்ளூர் ஆள் என்பதால் "சிஸ்டர், உங்க அப்பாகிட்ட தேன் கிடைக்குமா?" என்று கேட்டார். என்னால் உடனே சரி என்று சொல்ல முடியவில்லை.

ஏனென்றால் அந்த 1991இல்தான் அப்பாவின் பெட்டிகள் சாகத் தொடங்கியிருந்தன.

முதலில் அவர் பார்த்தது ஒரே ஒரு சட்டத்தில். புழு கண்ணறைக்குள் சுருண்டு கிடக்க வேண்டிய வயதில் நீளமாக நிமிர்ந்து, தலையைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. தீக்குச்சி நுனியால் எடுத்தார். தோல் கிழியாமல் தண்ணீர் நிறைந்த பைபோல் முழுசாக வந்தது. பைப்புழு நோய் என்றார்கள். தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்ட வைரஸ், நம் பொந்துத் தேனீயைத் தாக்குவது. அதற்கு மருந்து இல்லை. மாமரத்தடியில் ஒரு பெட்டியைத் திறந்தால் இரைச்சல் குறைந்திருக்கும், அடுத்த வாரம் ராணியும் கொஞ்சம் ஈயும் மட்டும், அதற்கடுத்த வாரம் காலி. 1992 முடிவதற்குள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குடும்பங்கள் அழிந்தன. நாற்பதில் எங்களுக்கு மிஞ்சியது மூன்று. அப்பா காலிப் பெட்டிகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்ததை நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று பார்த்தேன். என்னிடம் எதுவும் பேசவில்லை. பிழைத்த மூன்றிலிருந்து பிரித்துப் பிரித்து மறுபடி பெருக்க அவருக்கு ஏழு வருஷம் ஆயிற்று. எங்கள் மாவட்டத் தொழில் மீண்டதும் அப்படித்தான், நோய்க்குத் தப்பிய குடும்பங்களை வைத்து.

சர்ஜனுக்கு என்ன சொன்னேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேன் இல்லை என்றேன். அவர் கடையிலிருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தார். படுக்கைப்புண் வந்த ஒரு முதியவருக்கு வைத்தோம். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தபோது துணியெல்லாம் பிசுபிசுவென்று சர்க்கரைப்பாகு, கட்டில் கால் முழுக்க எறும்பு, புண் அப்படியே. அந்தப் பாட்டிலில் இருந்தது என்னவென்று யாரும் சோதிக்கவில்லை. ஆனால் சோதிக்காமல் வைத்தது நாங்கள், அதில் என் பங்கும் உண்டு. புண்ணுக்கென்று கதிர்வீச்சில் கிருமி நீக்கி விற்கிற தேன்கட்டுகள் இன்று உண்டு. வைக்கிறவர்கள் அதைத்தான் வைக்க வேண்டும், மருத்துவர் பார்த்துச் சொன்னால் மட்டும்.

2020இல் தில்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் கடைத்தேன் 13 வகைகளை ஜெர்மனியில் சோதிக்கக் கொடுத்து, அதில் 10 தேறவில்லை என்று வெளியிட்டது. அந்தச் செய்தி வந்த வாரம் என் வாசலுக்கு வந்தவர்கள் அதிகம். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போக வேண்டும், தீக்குச்சியை முக்கிப் பற்றவைத்தால் எரிய வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். இதெல்லாம் எதையும் நிரூபிக்காது, கெட்டியான பாகும் அப்படியே செய்யும். இன்னொரு வேதனை, எங்கள் ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்துவிடும். குளுக்கோஸ் அதிகம் உள்ள தேன் உறைவது இயல்பு. வெள்ளையாக உறைந்த பாட்டிலைக் கொண்டுவந்து "சர்க்கரை கலந்திருக்கீங்க" என்று திருப்பித் தந்தவர்கள் உண்டு. நல்ல தேனைத் தூக்கிப் போட்டுவிட்டு, எப்போதும் தெளிந்தே இருக்கிற ஒன்றை வாங்கிப் போவார்கள்.

இருமலுக்குப் பாட்டி கொடுத்ததும் சும்மா இல்லை. 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 குழந்தைகளிடம் பார்த்தார்கள். படுக்கப்போகும் முன் ஒரு தேக்கரண்டி அளவு தேன் குடித்த பிள்ளைகள், ஒன்றும் குடிக்காதவர்களைவிட அமைதியாகத் தூங்கியதாகப் பெற்றோர் சொன்னார்கள். உடம்பு இளைக்கத் தேன் என்பதற்கு அப்படி எதுவும் நான் கண்டதில்லை. சர்க்கரை நோயாளிகள் "தேன்தானே" என்று கேட்டால் ஒரு மேசைக்கரண்டித் தேனில் 17 கிராம் சர்க்கரை என்பதை மட்டும் சொல்வேன்.

பாட்டியை நான் எதிர்த்து நின்றது ஒரே விஷயத்தில். பிறந்த குழந்தையின் நாக்கில் பொன்னையும் வசம்பையும் தேனில் உரைத்துத் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். என்னைவிட நாலு தலைமுறை முந்தினது. சில தேனில் ஒரு கிருமியின் வித்துகள் உறங்கிக் கிடக்கும். பெரியவர்கள் வயிற்றில் அவை முளைக்காது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு விடும். மலம் கட்டும், அழுகை மெலியும், கழுத்து நிற்காமல் துவளும். தேனால் மட்டுமே வருவதில்லை என்றாலும் தவிர்க்க முடிந்த வழி தேன்தான். இந்த நோயை மருத்துவம் அடையாளம் கண்டதே 1976இல். பாட்டியிடம் எப்படிக் குற்றம் சொல்வது? என் தம்பி மகன் பிறந்தபோது அவள் குப்பியோடு வந்தாள். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். அவள் கோபித்து இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "உன் ஆஸ்பத்திரியில அப்படித்தான் சொல்லுதாங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு பொன்னை வெறும் தாய்ப்பாலில் தொட்டு உதட்டில் வைத்தாள்.

பழைய வீட்டை இடித்தபோது மண்சுவர் விரிசலுக்குள் கொசுத்தேனீக் கூடு ஒன்று இருந்தது. கொட்டாத சின்னஞ்சிறு ஈ. அரக்கில் உருண்டை உருண்டையாகச் சட்டி கட்டித் தேன் சேர்க்கும். கொத்தனார் கடப்பாரையை ஓங்கும்போது அப்பா நிறுத்தி, அந்தச் சுவர்க்கட்டியை அப்படியே பெயர்த்து மண்பானைக்குள் வைத்தார். அந்தப் பானை இப்போதும் என் பின்வாசலில் இருக்கிறது. வருஷத்துக்குக் கால் லிட்டர்கூடத் தேறாது. புளிப்பும் கசப்பும் கலந்த தேன், ஆசான்கள் தேடி வந்து வாங்குவார்கள். நான் அதைப் பாட்டியின் பச்சைக் குப்பியில் ஊற்றி வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் கையில் சின்னக் கிண்ணத்தோடு வருவார்கள், "பெரியம்மா, பிள்ளைக்கு இருமல், இத்திரி தேன் தாங்க" என்று.

குப்பியின் துணி அடைப்பில் கை வைத்துக்கொண்டு நான் கேட்பேன்: "பிள்ளைக்கு எத்தனை மாசம்?"